பழைய லாரியின் டீசல் டேங்க்: கழற்றுவது, ஓட்டை அடைப்பது, திரும்ப மாட்டுவது

"அண்ணே, டேங்குக்கு அடியில ஒரு சொட்டு வெல்டு வச்சுத் தாருங்க. சாயங்காலம் லோடு இருக்கு."

டீசல் ஒழுகும் லாரியைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்பது இதுதான். நான் வைத்துத் தருவதில்லை. டீசல் கிடந்த டேங்கில் நெருப்பு வைத்தால் என்ன ஆகும் என்பதை அப்புறம் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு விஷயம். பழைய தகரத்தில் ஒரு ஓட்டை வந்துவிட்டது என்றால், அதைச் சுற்றி இன்னும் ஏழெட்டு இடம் மெலிந்து நாள் பார்த்துக்கொண்டிருக்கும். ஏன் மெலிந்தது என்று பார்க்காமல் ஓட்டையை மட்டும் அடைத்தால், அடுத்த ஓட்டை அதற்குப் பக்கத்திலேயே வரும். வண்டியும் திரும்ப என்னிடமே வரும்.

எனக்குப் பட்டறை கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைப் பக்கம். கீழே குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று மீன் ஏற்றும் வண்டிகள். மேலே குலசேகரம், அருமனை என்று ரப்பர் தடியும் ஷீட்டும் ஏற்றும் வண்டிகள். இந்த இரண்டு கூட்டத்தின் டேங்கும் ஒரே மாதிரி கெடாது. ஓட்டை எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்று பார்த்தாலே வண்டி என்ன லோடு ஏற்றுகிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

எங்கிருந்து துரு பிடிக்கிறது

மீன் வண்டியில் பெட்டியிலிருந்து ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அது டேங்கின் மேல் தகட்டில் விழுந்து, டேங்கைச் சேஸிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, இழுத்துப் பிடிக்கும் பட்டைக்குள் இறங்கும். பட்டைக்கும் டேங்குக்கும் நடுவில் கம்பளித் துண்டோ கேன்வாஸோ வைத்திருப்பார்கள். அது ஒருமுறை நனைந்தால் காயாது. டேங்கை இறக்கிப் பட்டையை எடுத்துப் பாருங்கள். மற்ற இடத்தில் பெயின்ட் நன்றாக இருக்கும், பட்டை படிந்திருந்த அந்த இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் தகடு ஏடு ஏடாக உரிந்து வரும். இது வெளியிலிருந்து வந்த துரு.

மலைப்பக்கத்து வண்டிகளில் செம்மண் சேறு. டேங்க் உட்காரும் பிராக்கெட்டின் மூலையில் அது அப்பிக்கொள்ளும். இங்கே ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. இரண்டு பருவமும் நனைக்கிற ஊரில் அந்தச் சேறு முழுசாகக் காய்வதே இல்லை.

மூன்றாவது வகை உள்ளே இருந்து வருவது. டீசலை விடத் தண்ணீர் கனம். மூடி வழியாக வந்த மழைத் தண்ணீர், பாதி டேங்கோடு ராத்திரி நிறுத்தும்போது உள்சுவரில் பனித்து இறங்கிய ஈரம் எல்லாம் கடைசியில் அடித்தகட்டில் போய்ப் படுத்துக்கொள்ளும். அங்கே அது மாதக்கணக்கில் கிடக்கும். இப்படி வரும் ஓட்டை அடித்தகட்டில் ஊசி குத்தியது போல இருக்கும். வெளியே பெயின்ட் கூடக் கெட்டிருக்காது. மூடி தொலைந்துபோய் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு ஓட்டுகிற வண்டிகள் நம் ஊரில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். ஒரு மூடியின் விலைக்குச் சோம்பிப் போய் டேங்கையே விடுகிறார்கள்.

சரி, வழியில் ஒழுகத் தொடங்கிவிட்டால்? பழைய டிரைவர்மாரின் வைத்தியம் இன்னும் வேலை செய்கிறது: துணி துவைக்கும் பார் சோப்பை ஓட்டையில் அழுத்தித் தேய்ப்பது. டீசலில் சோப்பு லேசில் கரையாது, அதனால் ஊசி ஓட்டை தற்காலிகமாக நிற்கும். ஆனால் மழைத் தண்ணீர் பட்டால் சோப்பு போய்விடும். வீடு வந்து சேரத்தான் அது. ஒழுகிக்கொண்டே ஓட்டாதீர்கள். நனைந்த ரோட்டு வளைவில் சிந்திய டீசலில் பின்னால் பைக்கில் வருகிறவர் விழுவார்.

கழற்றுவதற்கு முன்

முடிந்தவரை டீசலை ஓட்டித் தீர்த்துவிட்டு வாருங்கள். நூறு லிட்டர் டீசல் ஏறக்குறைய 83 கிலோ. அதை டேங்கோடு சேர்த்துத் தூக்கவும் முடியாது, பத்திரமாக வைக்கவும் இடம் இருக்காது.

வண்டியைச் சமதளத்தில், காற்றோட்டமான நிழலில் நிறுத்துங்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள். பக்கத்தில் வெல்டிங், கிரைண்டர், அடுப்பு, பீடி எதுவும் கூடாது. வெளிச்சத்துக்குப் பேட்டரியில் ஓடும் எல்இடி டார்ச் போதும். வயர் இழுத்துக் குண்டு பல்பைத் தொங்கவிடும் பழக்கத்தை விடுங்கள். ஒரு வாளி மணலும் உலர் பொடி தீயணைப்பானும் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். டீசல் தீக்குத் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும்.

"டீசலுக்கெல்லாம் தீப்பிடிக்காது அண்ணே, தீக்குச்சியப் போட்டாலும் அணைஞ்சிரும்" என்று ஒரு பேச்சு உண்டு. குளிர்ந்த வாளி டீசலுக்கு அது பெரும்பாலும் சரி. ஆனால் நம் நாட்டு டீசலுக்குத் தரநிர்ணயம் கேட்கிற குறைந்தபட்ச ஃபிளாஷ் பாயின்ட் 35 டிகிரிதான். அதாவது அந்தச் சூட்டிலேயே தீப்பொறி பட்டால் பற்றுகிற அளவுக்கு ஆவி விடலாம். சித்திரை வெயிலில் நிற்கும் லாரியின் இரும்பு அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். நிறைந்த டேங்கில் ஆவிக்கு இடமில்லை. காலி டேங்கில் ஆவியும் காற்றும் கலந்து நிற்கிறது. ஆகவே காலியான டேங்க்தான் அதிக ஆபத்து.

வடிப்பது

வண்டியை ராத்திரி முழுக்க அசைக்காமல் நிறுத்திவிட்டுக் காலையில் வடியுங்கள். தண்ணீர் எல்லாம் அடியில் இறங்கியிருக்கும். டிரெயின் போல்ட்டை முழுசாகக் கழற்றாமல் லேசாகத் தளர்த்தி, முதலில் வருவதை ஒரு வெள்ளைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். பத்து நிமிடம் வைத்துவிட்டுப் பாருங்கள். அடியில் கலங்கிய தண்ணீர், அதில் துருப்பொடி செம்பழுப்பாகப் படிந்திருக்கும். மேலே டீசல். இரண்டுக்கும் நடுவில் கறுப்பாக, வழுவழுவென்று பாசி மாதிரி ஒரு படலம் நிற்கிறதா? அது துரு இல்லை. தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் வளரும் நுண்ணுயிர்ச் சேறு. அது விடும் அமிலமும் தகட்டை அரிக்கும், ஃபில்டரையும் அடைக்கும். இந்தப் படலம் இருந்தால் டேங்கைக் கழுவும் வேலை இரட்டிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலில் டீசல் மட்டும் வந்தால், உங்கள் ஓட்டை வெளித்துருவால் வந்தது. பட்டையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மீதி டீசலை இரும்பு டிரம்மில் பிடியுங்கள். டிரம்மையும் வண்டியையும் ஒரு செம்பு வயரால் இணைத்துவிட்டால் நிலைமின்சாரப் பொறிக்கு வாய்ப்பு குறையும். டிரெயின் போல்ட் திருகாமல் நின்றுவிட்டால் மூடி வழியாகக் கைப்பம்பு போட்டு எடுக்கலாம். டியூபை வாயில் வைத்து உறிஞ்சுவது வேண்டாம். ஒரு வாய் டீசல் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா மாதிரி வந்து ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டிவரும். அப்படி யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான்.

இறக்குவது

டேங்கிலிருந்து வெளியே வரும் குழாய் இரண்டு. ஒன்று சக்‌ஷன், எஞ்சின் பக்கம் டீசலைத் தள்ளும் ஃபீட் பம்புக்கு டீசல் இழுப்பது. இன்னொன்று ரிட்டர்ன், எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரிலும் பம்பிலும் மிஞ்சியது திரும்பி வருவது. கழற்றுவதற்கு முன்னால் சக்‌ஷனில் ஒரு சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். சில டேங்குகளில் ரிட்டர்ன் குழாய் உள்ளே கொஞ்சம்தான் இறங்கியிருக்கும். அதில் சக்‌ஷனை மாட்டிவிட்டால் டேங்க் நிறைந்திருக்கும்போது வண்டி ஒழுங்காக ஓடும், பாதிக்குக் கீழே வந்ததும் ஏர் பிடித்து, அதாவது குழாய்க்குள் காற்று புகுந்து, நிற்கும். காரணம் தெரியாமல் பம்பைக் கழற்றிக்கொண்டு மதுரை வரை போனவர்கள் இருக்கிறார்கள்.

குழாயை டேங்கோடு பூட்டும், நடுவில் துளையுள்ள பாஞ்சோ போல்ட்டின் செம்பு வாஷர்களைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். குழாயின் வாயைச் சுத்தமான துணியால் கட்டுங்கள். ஒரு மணல் பரு உள்ளே போனாலும் போய்ச் சேரும் இடம் பம்ப். டீசல் அளவு காட்டும் கேஜின் வயரைக் கழற்றுங்கள். கேஜ் யூனிட்டுக்குத் தனி எர்த் வயர் இருந்தால் அதையும்.

இனி பட்டை போல்ட். கடற்கரை வண்டியில் இது நட்டும் போல்ட்டும் ஒரே இரும்பாக ஒட்டிப்போய் இருக்கும். முந்தின நாளே வயர் பிரஷால் மரையைத் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற விடுங்கள். அடுத்த நாளும் ஒருமுறை விடுங்கள். பானா போட்டு முதலில் இறுக்குகிற பக்கம் கொஞ்சம் அசைத்து, பிறகு தளர்த்துங்கள். வரவில்லையா? ஹேக்ஸா பிளேடு எடுத்து, தண்ணீர் சொட்டு விட்டுக்கொண்டே அறுத்துத் தள்ளுங்கள். கேஸ் கட்டரும் கிரைண்டரும் அந்தப் பக்கமே வரக் கூடாது. லேத்தில் கொடுத்தால் புது போல்ட் செய்து தருவார்கள், அதற்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

அடியில் பலகை வைத்து டிராலி ஜாக்கி கொடுத்து, ஜாக்கி டேங்கைத் தாங்கிய பிறகுதான் கடைசி நட்டைக் கழற்ற வேண்டும். இரண்டு ஆள் வேண்டும். முழுக்க வடித்த டேங்கிலும் உள்ளே இருக்கும் தடுப்புத் தகடுகளுக்குப் பின்னால் சில லிட்டர் ஒளிந்திருக்கும். சரிக்கும்போது அது ஒரு பக்கமாக ஓடி டேங்கைத் திருப்பிவிடும்.

கழுவுவது

வெளியே சேறு, உப்பு எல்லாம் சோப்புத் தண்ணீரில் போகட்டும். உள்ளேயும் கழுவி முடியும்வரை கிரைண்டர் பிரஷ் வேண்டாம்.

கேஜ் யூனிட்டைக் கழற்றினால் உள்ளே கை போகிற அளவுக்கு வழி கிடைக்கும். பெரும்பாலான யூனிட்டில் திருகு ஓட்டைகள் சம இடைவெளியில் இருக்காது. ஒரே ஒரு விதத்தில்தான் உட்காரும். அதற்கும் ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டால் நல்லது. மிதவையை ஆட்டிப் பாருங்கள், உள்ளே டீசல் குலுங்கினால் அது போய்விட்டது. உங்கள் கேஜ் எப்போதும் காலி என்றே காட்டியதற்கு அதுதான் காரணம்.

கொதிக்கக் காய்ச்சிய தண்ணீரில் வாஷிங் சோடாவும் சோப்புப் பொடியும் கரைத்து உள்ளே ஊற்றி, டேங்கை எல்லாப் பக்கமும் உருட்டுங்கள். துரு கட்டியாக இருந்தால் ஒரு முழம் பழைய சங்கிலியை உள்ளே போட்டுக் குலுக்கலாம். சங்கிலியின் ஒரு முனையில் கம்பி கட்டி வெளியே விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் தடுப்புத் தகட்டில் சிக்கி உள்ளேயே குடியிருக்கும். தண்ணீரை மாற்றி மாற்றி, டீசல் வாடை அடங்கும்வரை செய்யுங்கள். அலுமினிய டேங்காக இருந்தால் சோடா, காஸ்டிக் எதுவும் வேண்டாம். அவை அலுமினியத்தைத் தின்னும். காஸ்டிக் போட்டால் ஹைட்ரஜன் வாயு வேறு கிளம்பும்.

ஓட்டையைக் கண்டுபிடிப்பது

கண்ணுக்குத் தெரியும் ஓட்டை ஒன்று. தெரியாதவற்றைத் தேட இரண்டு வழி வைத்திருக்கிறேன்.

முதல் வழிக்குச் செலவே இல்லை. சந்தேகமான இடம், மடிப்பு, மூட்டு எல்லாவற்றிலும் வெளியே சுண்ணாம்பைக் குழைத்து மெல்லிசாகப் பூசிக் காய விடுங்கள். உள்ளே கொஞ்சம் டீசலை ஊற்றி அந்தப் பக்கத்தைக் கீழே சாய்த்து வையுங்கள். கசிகிற இடத்தில் வெள்ளைச் சுண்ணாம்பில் ஒரு கறுத்த பொட்டு வந்து விரியும். பார்க்க அவ்வளவு தெளிவாக இருக்கும். இதைச் செய்தால் மறுபடி கழுவ வேண்டும் என்பது ஒன்றுதான் குறை.

இரண்டாவது வழி காற்று. இங்கேதான் பலர் டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை எடுத்துக்கொண்டு வருவார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். டேங்கின் ஒரு பக்கம் 60 சென்டிமீட்டருக்கு 60 சென்டிமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 3 பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) காற்றே அந்தப் பக்கத்தை 750 கிலோவுக்கு மேல் தள்ளும். 100 பி.எஸ்.ஐ. என்றால் 25 டன். டேங்க் உப்பி, மூட்டு பிளந்துவிடும். சைக்கிள் பம்பு போதும். அளவு பார்க்கக் கொத்தனார் மட்டம் பார்க்கும் ஒளிபுகும் டியூபை நாலு மீட்டர் வாங்குங்கள். யு மாதிரி வளைத்துச் சுவரில் கட்டி, பாதிக்குத் தண்ணீர் விட்டு, ஒரு முனையை டேங்கில் இறுக்கமாகச் செருகி, மறுமுனையைத் திறந்தே விடுங்கள். இரண்டு பக்கத் தண்ணீருக்கும் ஒரு மீட்டர் உயர வித்தியாசம் வந்தால் ஏறக்குறைய 1.4 பி.எஸ்.ஐ. அதுவே போதும். அதிகமாக அடித்துவிட்டால் தண்ணீர் மேலே கொப்பளித்துக் காற்று தானாக வெளியே போய்விடும், டேங்க் தப்பிக்கும். இனி சோப்பு நுரை தடவிக் குமிழி பாருங்கள்.

ஓட்டை கிடைத்ததும் அதைச் சுற்றி ஸ்க்ரூடிரைவர் முனையால் கொஞ்சம் அழுத்திக் குத்துங்கள். கூசாமல் குத்த வேண்டும். இங்கே உள்ளே போகிற தகடு ரோட்டில் நாளைக்குப் போகப்போகிற தகடுதான். தாங்குகிற தகடு வரும்வரை குத்திப் பார்த்துச் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். வட்டம் உள்ளங்கைக்குள் அடங்கினால் ஒட்டுப் போடலாம். அடித்தகடு முழுக்க வட்டமாகிவிட்டால் அடியையே வெட்டிப் புதுத் தகடு போட வேண்டும், அல்லது வேறு டேங்க். பிரிக்கும் கடையில் பழைய டேங்க் வாங்குவதானால் இதே குத்தலை அங்கேயே குத்திப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

அடைப்பது

ஒன்றிரண்டு ஊசி ஓட்டை, தட்டையான இடம், சுற்றிலும் நல்ல தகடு என்றால் எபாக்ஸி தாங்கும். இரண்டு பகுதி கலக்கும் ஸ்டீல் எபாக்ஸி. உப்புத்தாள் போட்டுத் தகடு பளபளக்கும்வரை தேய்த்து, டீசல் பிசுக்கு துளியும் இல்லாமல் தின்னரால் துடைத்து, ஒரு துண்டு ஃபைபர் துணியோடு சேர்த்துப் பூசி, ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள். டீசல் கசிந்துகொண்டிருக்கும்போதே அதன் மேல் அப்புவது மருந்துக்கடையில் பிளாஸ்திரி வாங்கின காசுதான். பட்டை படியும் இடத்திலும் மூட்டிலும் எபாக்ஸி நிற்காது. வண்டியின் அதிர்வில் விரிந்துவிடும்.

மற்றதெல்லாம் நெருப்பு வேலை. அதை டேங்க் வேலை செய்து பழகிய டிங்கரிடம், அதாவது வண்டித் தகர வேலை செய்கிறவரிடம், கொடுங்கள். நீங்கள் வீட்டு முற்றத்தில் செய்ய வேண்டாம். ஆனால் அவர் என்ன செய்கிறார் என்று நின்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஈயப்பற்று வைப்பதில் சூடு குறைவு என்பார்கள். பாதி ஈயம் பாதி வெள்ளீயம் உருக 200 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே வேண்டும். டீசல் ஆவி பொறியே இல்லாமல் தானாகப் பற்றும் சூடு ஏறக்குறைய 210. பற்றுக்கோல் அதைவிடச் சூடாகத்தான் இருக்கும். ஆகவே அதற்கும் கழுவிய டேங்க்தான் வேண்டும்.

சில இடங்களில் இன்னொரு லாரியின் சைலன்சரிலிருந்து ஹோஸ் இழுத்து டேங்குக்குள் புகையை விடுவார்கள். உள்ளே ஆக்சிஜன் போய்விடுமாம். பெட்ரோல் எஞ்சினின் புகையில் ஆக்சிஜன் மிகக் குறைவு என்பது உண்மை. டீசல் எஞ்சின் அப்படி இல்லை. ஐட்லிங்கில், அதாவது வண்டி நின்று எஞ்சின் சும்மா ஓடும்போது, அது இழுக்கும் காற்றில் கொஞ்சம்தான் எரிகிறது; மீதி ஆக்சிஜன் பெரும்பாலும் அப்படியே சைலன்சர் வழியாக வெளியே வருகிறது. அந்தப் புகையை நம்பி கேஸ் டார்ச்சின் நெருப்பைப் பிடிப்பதும் புகை இல்லாமல் பிடிப்பதும் ஒன்றுதான். எத்தனை வருஷமாகச் செய்கிறேன் என்று யார் சொன்னாலும் அங்கிருந்து டேங்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

சரியான முறை தண்ணீர். சோடாத் தண்ணீரில் கழுவி முடித்த டேங்கை ஓட்டை மேலே வரும்படி கவிழ்க்க வேண்டும். கேஜ் வாய், மூடி வாய் இரண்டும் கீழே போய்விடும், அவற்றைத் தகடும் கேஸ்கெட்டும் போட்டு இறுக்க வேண்டும். டிரெயின் ஓட்டை மேலே வந்திருக்கும். அதைத் திறந்தே வைக்க வேண்டும், சூட்டில் விரியும் காற்றும் நீராவியும் போக அதுதான் வழி. ஓட்டைக்கு இரண்டு விரல் கீழே வரை தண்ணீர் நிரப்ப வேண்டும். தண்ணீர் தகட்டைத் தொட்டால் சூடு பிடிக்காது, ரொம்பக் கீழே இருந்தால் ஆவிக்கு இடம் கிடைத்துவிடும். மிச்சமிருக்கும் அந்தச் சின்ன இடத்தையும் காற்றடித்தோ கார்பன் டை ஆக்சைடு விட்டோ சுத்தம் செய்தபிறகு கேஸ் டார்ச்.

பழைய மெல்லிய தகட்டுக்கு ஆர்க் வெல்டிங்கை நான் விரும்புவதில்லை. ஒரு ஓட்டையை அடைக்கப் போய் நாலு பொத்தல் விழும். பித்தளைக் கம்பி வைத்துப் பற்றவைப்பது நல்லது; ஏறக்குறைய 900 டிகிரியில் பித்தளை ஓடி மூட்டுக்குள் இறங்கும், இரும்பு உருகத் தேவையில்லை. ஒட்டுத் தகடு 18 கேஜ் கனம், அதாவது 1.2 மில்லிமீட்டர். மூலைகளை வட்டமாக வெட்டி, நல்ல தகட்டின் மேல் எல்லாப் பக்கமும் இரண்டு சென்டிமீட்டராவது ஏற வேண்டும். துருப்பிடிக்காது என்று துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு கொண்டுவருவார்கள், வாங்காதீர்கள். அதன் துத்தநாகம் டீசலோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஒன்றாகி இன்ஜெக்டரை அடைக்கும். பற்றவைக்கும்போது வரும் புகையும் கெடுதல்.

உள்ளே ஊற்றிச் சுழற்றும் சீலர் திரவங்கள் கடையில் கிடைக்கின்றன. பைக் டேங்குக்குச் சரி. தடுப்புத் தகடு உள்ள லாரி டேங்கில் எல்லா மூலைக்கும் அது சீராகப் போகாது. உரியத் தொடங்கினால் சக்‌ஷன் குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும்.

வேலை முடிந்ததும் மறுபடி சைக்கிள் பம்பு, சோப்பு நுரை. பிறகு உடனே காற்றடித்து உள்ளே காயவைத்து, இரண்டு லிட்டர் டீசல் விட்டு எல்லாப் பக்கமும் நனைய உருட்டுங்கள். ஈரத் தகட்டை ஒரு ராத்திரி விட்டால் காலையில் உள்ளே செந்நிறம் பூத்திருக்கும். வெளியே ரெட் ஆக்சைடு இரண்டு கை, கறுப்பு எனாமல் இரண்டு கை.

மாட்டுவது

இந்த மாவட்டத்தில் ரப்பருக்குப் பஞ்சமில்லை. அதனாலேயே ஒரு தப்பு இங்கே அதிகம் நடக்கிறது: கேஜ் யூனிட்டுக்கு டியூப் ரப்பரை வெட்டிக் கேஸ்கெட் போடுவது. நம் தோட்டத்து ரப்பருக்கும் டீசலுக்கும் ஆகாது. ஊறி உப்பிக் கொழகொழவென்று ஆகிவிடும். பஞ்சர் ஒட்டும் சொலூஷனே ரப்பரைப் பெட்ரோலிய எண்ணெயில் கரைத்ததுதானே. கேஸ்கெட்டும் ஹோஸும் நைட்ரைல் ரப்பரில் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் கார்க். பட்டைக்கு அடியில் வைக்கக் கன்வேயர் பெல்ட்டின் துண்டு நன்றாக உழைக்கும். சாக்கு, கம்பளி, கயிற்றுப்பாய் எதுவும் வேண்டாம், எல்லாம் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பிராக்கெட்டின் தாழ்வான மூலையில் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டை ஒன்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சேறு அடைத்திருக்கும், குத்தி விடுங்கள்.

செம்பு வாஷரைப் புதிதாகப் போடலாம். கிடைக்கவில்லை என்றால் பழையதைத் தூரமாகக் கொண்டுபோய்ச் செந்தணலாகக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மெத்தென்று ஆகிவிடும். பட்டை போல்ட் இரண்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், மரையில் கிரீஸ் தடவி. டேங்க் நசுங்கும் அளவுக்கு வேண்டாம். மூடியில் காற்று போகும் சிறு துளை திறந்திருக்க வேண்டும். அது அடைத்திருந்தால் வண்டி கொஞ்ச தூரம் ஓடித் திணறி நிற்கும், மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று சத்தம் வரும்.

இருபது லிட்டர் ஊற்றி அரைமணி நேரம் அடியில் அட்டை விரித்துப் பாருங்கள். சொட்டு இல்லையென்றால் ஏர் எடுக்கலாம், அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றலாம். முதலில் ஃபீட் பம்பின் வலையையும் கிண்ணத்தையும் கழுவி, புது ஃபில்டர் போடுங்கள். ஃபில்டரின் மேல் இருக்கும் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்பில் இருக்கும் கைப் பம்பை அடியுங்கள். நுரையாக வந்து, குமிழி விட்டு, பிறகு கட்டியாக டீசல் வந்ததும் இறுக்குங்கள். அடுத்தது இன்ஜெக்‌ஷன் பம்பின் ஸ்க்ரூ, அதே மாதிரி. கைப் பம்பின் பிடியைத் திரும்ப முறுக்கிப் பூட்டியபின் ஸ்டார்ட் செய்யுங்கள். செல்ஃப் ஸ்டார்ட்டரைத் தொடர்ந்து அழுத்திப் பேட்டரியைத் தீர்க்க வேண்டாம்; ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் திரும்பப் போய் ஏர் எடுங்கள்.

முதல் லோடு இறக்கி வந்ததும் பட்டை நட்டை ஒருமுறை இறுக்குங்கள். புதுப் பெல்ட் கொஞ்சம் அமுங்கியிருக்கும். கழுவலில் தப்பிய துரு கொஞ்ச நாளைக்கு வந்துகொண்டே இருக்கும், ஆகையால் இந்த ஃபில்டரை வழக்கத்தை விடச் சீக்கிரமே மாற்றிவிடுங்கள். வடித்த டீசலில் மேலே தெளிந்ததைத் துணியில் வடிகட்டித் திரும்ப ஊற்றலாம். அடியில் நின்ற தண்ணீர் டீசலையும் கறுப்புச் சேற்றையும் ஓடையிலோ குளத்திலோ கொட்டாதீர்கள். கழிவு ஆயில் வாங்க வருகிறவரிடம் தனி கேனில் கொடுங்கள்.